காணமும் கங்காணியும்: பாலக்காடு – இடுக்கி எல்லைப்புறம் பற்றிய ஆங்கிலேயர்கால வரலாற்று நூல்களை வாசித்தலும் மொழிபெயர்த்தலும்

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடையே அமைந்த பாலக்காட்டுக் கணவாயும், அதற்குத் தெற்கே ஆனைமலை, கண்ணன் தேவன் மலை, ஏலமலை, பீருமேடு என நீளும் உயர்நிலமும் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக உடன்வழங்கும் பகுதிகளாகும். கணவாய்ப் பகுதியின் சிற்றூர், கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், மலைப்பகுதியின் மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி முதலிய ஊர்களிலும் இருமொழியம் இன்றும் அன்றாட வாழ்வின் இயல்பாக உள்ளது.

இப்பகுதியின் கடந்த இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதன்மைச் சான்றுகளாக அமைவன பெரும்பாலும் ஆங்கில நூல்களே. படைத்தலைவர், நில அளவையாளர், மாவட்ட ஆட்சியர், சமயத்தொண்டர், பொறியாளர், தோட்ட உரிமையாளர் ஆகியோர் எழுதிய இந்நூல்கள் இங்கு வழங்கிய சொற்களை ஆங்கில எழுத்திற் பதிவு செய்தன. அவற்றுக்கு ஆங்கிலப் பொருள் வரைந்தன. அப்பொருளே பின்னர் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் எல்லை வரைவிலும் சான்றாக ஏற்கப்பட்டது. ஆகவே இந்நூல்களை வாசித்தல் என்பது ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒரு மொழிபெயர்ப்பை வாசித்தலாகும். அவற்றைத் தமிழிற் பெயர்ப்பவர் மொழிபெயர்ப்பை மீண்டும் மொழிபெயர்க்கும் நிலையில் உள்ளார். இவ்விரட்டைப் பெயர்ப்பில் எழும் சொற்பொருட் சிக்கல்களையும், அவற்றால் மக்களின் உரிமை வாழ்வில் நேர்ந்த விளைவுகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நூல்வகைகள்

இப்பகுதி குறித்த ஆங்கிலேயர்கால நூல்களை நோக்கம் பற்றி ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, போர்க்கால வரைவுகள். 1783 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றிய கர்னல் வில்லியம் புல்லர்ட்டன் 1787இல் வெளியிட்ட நூல் இவ்வகையின. ஹைதர் அலி 1766இல் கட்டிய அக்கோட்டை பலமுறை கைமாறியது. 1790இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792 சீரங்கப்பட்டின உடன்படிக்கைக்குப் பின் மலபார் முழுவதும் கும்பினியார் ஆட்சிக்குட்பட்டது.

இரண்டாவது, ஆய்வுப் பயண நூல்கள். வெல்லெஸ்லியின் ஆணைப்படி 1800 ஏப்ரலிற் சென்னையினின்று புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூர் வழியாக அவ்வாண்டின் இறுதியிற் பாலக்காட்டுப் பகுதியை அடைந்தார். அவர் எழுதிய மூன்று தொகுதிகள் 1807இல் இலண்டனில் வெளிவந்தன. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி ஆகிய நாடுகளை அளந்த வார்டு, கானர் ஆகிய இருவரின் நினைவுக் குறிப்பும் இவ்வகையிற் சேரும்.

மூன்றாவது, மாவட்ட, மாநிலக் கையேடுகள். வில்லியம் லோகனின் மலபார்க் கையேடு (1887), நாகமையாவின் திருவிதாங்கூர் மாநிலக் கையேடு (1906) ஆகியன இவற்றுள் தலையாயவை. பின்னது இந்தியர் ஒருவரால் எழுதப்பட்டதெனினும் அமைப்பிலும் சொல்லாட்சியிலும் ஆங்கிலக் கையேட்டு மரபைப் பின்பற்றியதாகும்.

நான்காவது, பொறியியல் வரலாறு. ஏ.டி. மெக்கன்சி எழுதிச் சென்னை அரசு அச்சகம் 1899இல் வெளியிட்ட பெரியாற்றுத் திட்ட வரலாறு இதற்குச் சான்று.

ஐந்தாவது, தோட்ட வரலாறுகள். ஜே.டி. மன்றோ 1880இல் வெளியிட்ட திருவிதாங்கூர் உயர்மலைகள் பற்றிய நூல் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் நினைவுநூல்கள் வரை இவ்வகை நீளும்.

இவற்றுள் எவ்வகை நூலாயினும், எழுதியவர்க்கும் எழுதப்பட்டவர்க்கும் இடையே ஓர் இருமொழியாளர் நின்றார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. புக்கானன் மொழிபெயர்ப்பாளர் துணையுடனேயே உழவரையும் நெசவாளரையும் வினவினார். அவ்விருமொழியாளரின் ஒலிப்பும் சாதி வழக்கும் ஊர் வழக்கும் நூலின் எழுத்துக்கூட்டலில் தங்கிவிட்டன. மொழியியலார் அவற்றைப் பிழையென ஒதுக்காமல் தரவெனக் கொள்வதே முறையாகும்.

3. இடப்பெயர்களின் திரிபு

போர்க்கால நூல்களிற் பாலக்காடு 'பால்காட்செரி' என்னும் ஒலிப்பில் வருகின்றது. இது 'பாலக்காட்டுச்சேரி' என்னும் பழைய பெயரின் திரிபாகும். இம்முழுப்பெயரை அறியாத பெயர்ப்பாளர் இதனைப் பாலக்காட்டினின்று வேறாய ஓர் ஊராகக் கருத இடமுண்டு. பிற்காலத்திற் பெயர் குறுகிப் 'பால்காட்' என வழங்கியது. இதன் இறுதிப் பகுதி வடமொழி வழிவந்த 'காட்' என்னும் சொல்லாக, அஃதாவது மலைவழி அல்லது படித்துறை எனப் பொருள்படுவதாக ஆங்கில வாசகரால் உணரப்பட்டது. கணவாயின் வாயிலில் ஊர் அமைந்தமையால் இத்தவறான பிரிப்பு பொருத்தமுடையது போலவும் தோன்றிற்று. உண்மையில் அப்பகுதி 'காடு' என்னும் திராவிடச் சொல்லே என்பது உள்ளூர் வழக்கால் தெளிவாகும். நிலஅமைப்பு ஒரு பொய்ச் சொற்பிறப்புக்குத் துணைபோகும் நிலைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

புக்கானன் கொல்லங்கோட்டிற் கண்ட தமிழ் நெசவாளரைக் 'காய்குலர்' என்னும் ஒலிப்புடைய எழுத்துக்கூட்டலாற் குறிக்கின்றார். இது 'கைக்கோளர்' என்பதே. எழுத்தை மட்டும் பின்பற்றும் பெயர்ப்பில் இது இல்லாத ஒரு குலத்தின் பெயராகிவிடும். 'கைக்கோளர்' என மீட்கும்பொழுதோ, கொங்குநாட்டுப் பருத்தியும் நெசவும் கணவாய் வழியாக மலபாருக்குள் வந்த வரலாறு புலப்படும். 1800ஆம் ஆண்டிலேயே கொல்லங்கோட்டில் தமிழ் வழங்கிய செய்தியும் இவ்வொரு சொல்லாற் பெறப்படும்.

மலைப்பகுதியிற் 'கண்ணன் தேவன்' என்னும் பெயர் நோக்கத்தக்கது. அஞ்சுநாட்டுத் தலைவராகிய கண்ணன் தேவர் என்பாரின் பெயரால் மலை இப்பெயர் பெற்றது எனத் தோட்ட வரலாறுகள் கூறுகின்றன. அஞ்சுநாடு என்பது மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தூர்த் தொகுதியாகும். தமிழில் 'தேவர்' என்பதன் இறுதி உயர்வுப் பன்மை விகுதி. ஆங்கிலப் பத்திரங்களில் அது 'தேவன்' என ஒருமையாயிற்று. பின்னர் ஒரு கும்பினியின் பெயராகி, தேயிலையின் வணிகப் பெயராகவும் நிலைத்தது. ஊர்த்தலைவரைச் சுட்டிய பெயர் பொருட்பெயராய்த் தேய்ந்த இம்மாற்றத்தில், ஐந்தூரின் பெயர் முற்றிலும் மறைந்துவிட்டமை கருதத்தக்கது.

4. நிலவுரிமைச் சொற்கள்

4.1 ஜன்மம்

ஆங்கிலேயர்கால நூல்களில் மிகுந்த விளைவை ஏற்படுத்திய பெயர்ப்பு 'ஜன்மம்' என்னும் சொல்லுக்கு நேர்ந்ததாகும். மலபாரின் நிலஉறவில் ஜன்மி, காணக்காரர், பயிரிடுவோர் என ஒரே நிலத்தின்மேற் பலர்க்கு உரிமைகள் அடுக்காக அமைந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அதிகாரிகளும் நீதிபதிகளும் ஜன்மியை ஐரோப்பியச் சட்டங் கூறும் முழுவுரிமையாளராகக் கொண்டனர். அதன் பயனாக ஏனையோர் அனைவரும் அவர் விருப்பத்தால் நிலத்தில் இருப்பவராயினர். நிலத்தினின்று அகற்றும் வழக்குகள் பெருகின.

1881இல் நிலவுரிமை பற்றி ஆராயத் தனி ஆணையராக அமர்த்தப்பெற்ற லோகன் இப்பொருள்கோளை மறுத்தார். ஜன்மி என்பவர் ரோமானியச் சட்டத்தின் தனியுரிமையாளர் அல்லர். விளைவிற் பங்குடைய பலருள் ஒருவரே என்பது அவர் முடிபு. தம் கருத்தை நிறுவ அவர் நாடியது பழைய பத்திரங்களின் சொல்லாட்சியை. நில விற்பனைக்குரிய ஓலை 'அட்டிப்பேற்றோலை' எனப்பட்டது. நீர்வார்த்துக் கொடுத்தல் அதன் சடங்கு. தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் நீரட்டிக் கொடுத்தல் என்னும் வழக்கை அறிந்தோர்க்கு 'அட்டு' என்னும் வினை, வார்த்தல் என்ற பொருளது என்பது எளிதில் விளங்கும். லோகன் நூலின் இரண்டாம் தொகுதியிலுள்ள பத்திரங்களைத் தமிழ்க் கல்வெட்டுப் பயிற்சியுடையார் வாசிப்பின், மலையாள உரையாசிரியரும் ஆங்கில உரையாசிரியரும் காணாத ஒப்புமைகளைக் காணக்கூடும்.

லோகனின் பரிந்துரைகள் முழுமையாக ஏற்கப்பெறவில்லை. குடியானவர் நிலத்திற் செய்த மேம்பாடுகளுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 1887இல் வந்தது. பயிரிடுவோர்க்கு நிலைபேறு கிடைத்தது 1930ஆம் ஆண்டளவின் மலபார்க் குடிவாரச் சட்டத்திற்கும், 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத் திருத்தங்களுக்கும் பின்னரேயாகும். ஒரு சொல்லின் தவறான பெயர்ப்பைத் திருத்த ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின எனலாம்.

இச்சொல் மலைமேலும் சென்றது. 1877 சூலை 11இல் பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலையை மன்றோவுக்கு அளித்த பத்திரமே மூணாற்றுத் தோட்டங்களின் மூலப் பத்திரமாகும். திருவிதாங்கூர் அரசு 1878இல் அதனை ஏற்றது. இந்நிலங்களை மீட்கக் கேரள அரசு 1971இல் தனிச்சட்டம் இயற்றியபொழுது, பூஞ்சாற்று அரசர்க்கு அம்மலையில் இருந்தது ஜன்ம உரிமையா என்னும் வினா உச்ச நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. 1972இல் அச்சட்டம் செல்லுமெனத் தீர்ப்பாயிற்று. பாலக்காட்டு நெல்வயலுக்குரிய ஒரு சொல் மூணாற்றுத் தேயிலை மலையின் உரிமையை முடிவுசெய்யும் சொல்லாகவும் அமைந்தமை இங்குக் கருதற்குரியது.

4.2 காணம்

'காணம்' என்பதனை ஆங்கில நீதிமன்றங்கள் அனுபோக அடைமானம் எனக் கொண்டன. முன்பணம் கொடுத்து நிலத்தை அனுபவித்தல் என்பது அதன் பொருளாயிற்று. லோகன் இதனையும் மறுத்து, 'காண்' என்னும் வினையடியிற் பிறந்தது காணம் என்றார். காணக்காரர் மேற்பார்வை செய்து காக்கும் கடமையுடையோர் என்பதும், அக்கடமைக்குரிய பங்கே காணம் என்பதும் அவர் விளக்கம். கேரளோற்பத்தி மரபு நாயர்க்குக் காணலும் காத்தலும் உரியவாகக் கூறுவதை இதற்குத் துணையாக அவர் காட்டினார்.

மொழியியல் நோக்கில் இவ்விளக்கம் ஆராயத்தக்கது. தமிழிற் 'காணம்' என்னும் சொல் சங்க இலக்கியக் காலந்தொட்டே பொன்னையும் பொற்காசையும் குறிக்கும். முன்பணம் என்னும் பொருளுக்கு இவ்வழி இயைபுடையது. மறுபுறம் காணி, காணியாளர், கண்காணி ஆகிய சொற்கள் காண் என்னும் அடியோடு உரிமை, மேற்பார்வை ஆகிய பொருள்களை இணைக்கின்றன. லோகனின் சொற்பிறப்பு அவருடைய நிலச்சீர்திருத்த வாதத்திற்குத் துணை செய்வது. நீதிமன்றத்தின் பொருள்கோள் கடன்கொடுத்தோர் உரிமைக்குத் துணை செய்வது. சொற்பிறப்பாய்வு நடுநிலைத் துறையாகத் தோன்றினும், இவ்விடத்து இருதரப்பின் வழக்கிலும் அது சான்றாயிற்று. ஆதலின் லோகனைத் தமிழ்ப்படுத்துவோர் 'ஒற்றி' என்றோ 'அடைமானம்' என்றோ எழுதிவிடின், அவர் எதனை மறுத்தாரோ அதனையே அவர் வாயில் இட்டதாக முடியும். 'காணம்' என்னும் சொல்லை அவ்வாறே நிறுத்தி, இருவகைப் பொருளையும் குறிப்பில் தருதலே தக்கது.

4.3 பாட்டமும் குத்தகையும்

'பாட்டம்' என்னும் சொல் தமிழ்க் கல்வெட்டுகளில் வரிவகைகளுள் ஒன்றாகப் பயில்வது. மலையாளத்தில் அது நிலவாடகையையும் வாடகைப் பிடிப்பையும் குறிக்கும். ஆயின் ஒரே சொல் மலபாரிலும் திருவிதாங்கூரிலும் வெவ்வேறு சட்டநிலை பெற்றது. மலபாரின் 'வெறும்பாட்டக்காரர்' நிலைபேறற்ற குடியானவர். திருவிதாங்கூரிலோ 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரத்தால் அரசு நிலத்தின் பாட்டக்காரர் உரிமையாளராயினர். பாலக்காட்டு நூலையும் பீருமேட்டு நூலையும் ஒருங்கே வாசிப்பவர் இவ்வேறுபாட்டை உணராராயின், ஒருவர்க்குரிய இழப்பை மற்றொருவர் மேலும், ஒருவர்க்குரிய பேற்றை மற்றொருவர் மேலும் ஏற்றிவிடுவர்.

பெரியாற்று அணை குறித்த 1886 அக்டோபர் 29ஆம் நாள் உடன்படிக்கை திருவிதாங்கூர் மன்னர்க்கும் இந்தியாவுக்கான அரசுச் செயலர்க்கும் இடையே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. திருவிதாங்கூர் சார்பில் திவான் இராமையங்காரும், மறுதரப்பில் ரெசிடெண்ட் ஹானிங்டனும் ஒப்பமிட்டனர். அணை அமையுமிடத்தில் ஆற்றுப்படுகையின் மிகத் தாழ்ந்த புள்ளிக்குமேல் 155 அடி உயரக் கோட்டுக்குட்பட்ட நிலமாகிய 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. 1970இல் ஏற்பட்ட துணை உடன்படிக்கையால் இத்தொகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டதோடு, மின்னாக்க உரிமையும் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆங்கிலத்தின் 'லீஸ்' என்னும் சொல் தமிழிற் 'குத்தகை' எனவும் மலையாளத்திற் 'பாட்டம்' எனவும் வழங்குகின்றது. இரண்டும் நேர்ப்பெயர்ப்புகள் போலத் தோன்றினும் இரண்டின் நினைவுச்சூழல் வேறு. கீழ்ப்புறத்து உழவர்க்குக் 'குத்தகை' என்பது பேசிய தொகையைக் கொடுத்தபின் உறுதியாகக் கிடைக்கும் அனுபவம். மேற்புறத்தில் 'பாட்டம்' என்பது, உரிமையாளர் ஒருவர் மேலே இருக்க ஒருவர் நிலத்தில் இருத்தல். ஒரே ஆவணத்தைப் பற்றிய இருமொழிச் செய்தித்தாள்களின் உணர்வு வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மேலும் மெக்கன்சியின் நூல் 'பெரியாறு' என்றே பேசுகின்றது; அணை அமைந்த இடத்தையொட்டி முல்லையாறும் பெரியாறும் கூடுவதால் ஏற்பட்ட 'முல்லைப்பெரியாறு' என்னும் பெயரே இன்று இருமொழியிலும் பெருவழக்கு. பழைய நூலைப் பெயர்ப்போர் பிற்காலப் பெயரைப் பாடத்துட் புகுத்தாது குறிப்பில் தருதல் நலம்.

5. தொழிலாளர் பற்றிய சொற்கள்

மலைத்தோட்ட நூல்களில் தமிழினின்று ஆங்கிலத்திற் புகுந்த சொற்கள் பல. அவை தமிழுக்கு மீளும்பொழுது தம் பழம்பொருளோடு மீள்வதில்லை.

'கூலி' என்னும் சொல் இதற்குத் தலையாய சான்று. தமிழில் இது வேலைக்குரிய ஊதியம். ஆளைக் குறிப்பின் 'கூலியாள்', 'கூலிக்காரர்' என வரும். ஆங்கிலத்தில் இது ஆளின் பெயராயிற்று. 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகியோரின் ஆங்கிலோ-இந்தியச் சொற்றொகுதி இச்சொல்லின் தோற்றத்தை மேலைக் கடற்கரையின் கோலி என்னும் குலப்பெயரோடும் தமிழ்க் 'கூலி'யோடும் சார்த்தி ஆராய்கின்றது. தமிழ்ப்பெயர்ப்புகளில் 'ஆயிரம் கூலிகள்' என வரும் தொடர் தமிழ் மரபுக்கு மாறானது. அதுமட்டுமன்று, ஊதியத்தை ஆளாக்கி, ஆளை ஊதியமாக்கிய ஆங்கிலச் சொல்லாட்சியை அது தமிழுக்கு இயல்பானதாக்கிவிடுகின்றது. இழிவுக்குறிப்பு ஆசிரியர்க்குரியதாயின் அதனைக் காட்டும் வகையிலும், வெறும் எண்ணிக்கையாயின் 'தொழிலாளர்' அல்லது 'கூலியாள்' எனவும் பெயர்ப்பாளர் இடமறிந்து வேறுபடுத்துதல் வேண்டும்.

'கங்காணி' என்பது 'கண்காணி' என்னும் பழஞ்சொல்லின் மரூஉ. சோழர் கல்வெட்டுகளிற் கோயில் நிருவாகத்தை மேற்பார்ப்போரைச் சுட்டிய இச்சொல், தோட்டத்தில் ஆள்திரட்டி முன்பணம் கொடுத்து மலையேற்றி வேலைவாங்குவோரைச் சுட்டுவதாயிற்று. லோகன் காணக்காரர்க்குக் கூறிய 'காண்' என்னும் அடியே இங்கும் உள்ளது. கணவாயின் வயல்வெளியில் அவ்வடி காத்தற் பொருளுக்குச் சான்றாகக் காட்டப்பட, மலைச்சரிவில் அதுவே கடனாற் பிணித்தலின் பெயராயிற்று. முன்பணத்தொகை, வேலைவாங்குதல், விளைவிற் பங்கு ஆகிய மூன்றும் இருவர்க்கும் பொதுவாதலை நோக்கின், காணமும் கங்காணமும் ஒரே பொருட்புலத்தின் இருமுனைகள் எனக் கொள்ளலாம்.

தொழிலாளர் குடியிருப்பின் வரிசையைக் குறித்த ஆங்கிலச் சொல் 'லயம்' என இடுக்கி மலைகளின் தமிழிலும் மலையாளத்திலும் வேரூன்றியது. இதனைத் 'தொழிலாளர் குடியிருப்பு' எனப் பெயர்ப்பின் பொருள் வரும். ஆயின் ஒருசுவர்ப் பொதுமையும் நெருக்கமும் தலைமுறை தலைமுறையாகச் சொந்தமாகாத தன்மையும் வாரா. 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவில் 70 பேர் மாண்டபொழுது, பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்களாகிய அவர்கள் உறங்கிய இடத்திற்கு இருமொழிச் செய்திகளிலும் வழங்கிய பெயர் 'லயம்' என்பதே. அச்சொல்லின் பின்னுள்ள நூற்றாண்டு வாழ்வைத் தோட்ட வரலாறுகள் கட்டட எண்ணிக்கையாக மட்டுமே தருகின்றன.

இக்குறையை ஓரளவு நிறைவுசெய்வது அண்டைப் பகுதியாகிய வால்பாறைத் தோட்டங்களிற் பணியாற்றிய மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ' என்னும் நூல். இரா. முருகவேள் இதனை 'எரியும் பனிக்காடு' என 2007இல் தமிழாக்கினார். இது புதினமாயினும் பலரால் வரலாறாகவே வாசிக்கப்படுகின்றது. வரலாற்று நூல்களில் தொழிலாளர் பேச்சு இடம்பெறாமையே புதினம் அவ்விடத்தை நிரப்பக் காரணமாயிற்று. எனினும் மேற்கோள் காட்டுங்கால் இலக்கியச் சான்றையும் ஆவணச் சான்றையும் வேறுபடுத்தல் ஆய்வாளர் கடனாகும்.

6. 'வேஸ்ட்' நிலமும் எல்லை வரைவும்

பயிர்செய்யப்படாத மலைநிலம் ஆங்கில ஆவணங்களில் 'வேஸ்ட்' என வகைப்படுத்தப்பட்டது. தமிழில் 'தரிசு' என்பது வழக்கமான பெயர்ப்பு. தரிசு என்பது பயிரிடத்தக்கதாயிருந்தும் பயிரிடாது விடப்பட்ட நிலம். காட்டையும் முதுவர், மன்னான் முதலிய மலைவாழ் மக்கள் மாறிமாறிப் பயிர்செய்த நிலத்தையும் இச்சொல் சுட்டாது. 'வேஸ்ட்' என்பதும் 'தரிசு' என்பதும் அங்கு எவரும் இல்லை என்னும் ஒரு முற்கோளைத் தம்முள் அடக்கியன. தோட்ட வரலாறுகள் 1877இல் ஆளில்லா மலையில் வரலாறு தொடங்குவதாக எழுத இம்முற்கோளே இடந்தந்தது.

இதன் விளைவு இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. தேவிகுளம், பீருமேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு 1950களிற் போராடியது. 1955 செப்டம்பர் 30இல் அறிக்கை அளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையம், அங்குள்ள தமிழருட் கணிசமானோர் தோட்டவேலைக்கு வந்து செல்வோர் என்னும் கருத்தையும் பொருளாதாரக் காரணங்களையும் எண்ணி அவ்வட்டங்கள் கேரளத்தோடு இருக்கப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1இல் அவ்வாறே ஆயிற்று. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடும், கொச்சி நாட்டிலிருந்த சிற்றூரும் அன்றே ஒரே மாநிலத்தில் அடங்கின. இடுக்கி மாவட்டம் 1972 சனவரி 26இல் உருவாயிற்று.

எல்லை எங்கு அமைந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. சான்றின் தன்மையே இங்கு வினா. தோட்டத்திற்கு முற்பட்ட அஞ்சுநாட்டு வேளாளரும், தோட்டத்தால் வந்த தொழிலாளரும், மதுரையினின்று வந்தோராகத் தம்மைக் கூறிக்கொள்ளும் முதுவரும் தமிழோடு தொடர்புடையோரே. ஆனால் 'வந்து செல்வோர்' என்னும் ஒரே தொடருக்குள் இவர்தம் வேறுபாடு மறைந்துவிடுகின்றது. நூறாண்டு ஒரு மலையில் வாழ்ந்தோர் எந்தத் தலைமுறையிற் குடிகளாவர் என்பதற்குத் தோட்ட வரலாறுகளின் சொற்றொகுதியில் விடையில்லை. அதேபோல், இம்மலையைத் தமிழர்க்கு மட்டுமே உரியதாக எழுதும் நூல்களில் தொடுபுழை, பாலை வழியாக மலையேறிய மலையாள உழவரின் பாடும் விடுபடுகின்றது.

7. காலக்கணக்கும் மக்கள் வழக்கும்

ஆங்கில நூல்கள் 1924ஆம் ஆண்டு வெள்ளம் என எழுதுவதை மலையாள வழக்கு 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்கின்றது. கொல்லம் ஆண்டு 1099இன் கர்க்கடக மாதம் 1924 சூலை, ஆகத்து மாதங்களோடு ஒக்கும். மூணாற்றையும் குண்டளைப் பள்ளத்தாக்கையும் இணைத்த இருப்புப்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது. இதனை 1899 எனவோ 1999 எனவோ மயங்குதல் நேரக்கூடியதே. கொல்லம் ஆண்டு தென்பகுதியிற் சிங்க மாதத்திலும் வடமலபாரிற் கன்னி மாதத்திலும் தொடங்குவதாற் பத்திரங்களின் தேதியை மாற்றுகையில் ஓராண்டு பிறழவும் இடமுண்டு.

மக்கள் நினைவு குறித்தும் ஒரு சொல் வேண்டும். பெரியாற்று அணையின் தலைமைப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தேனிப் பகுதி மக்களாற் போற்றப்படுபவர். அவர் பெயர் பென்னிகுக், பென்னிகுவிக் எனப் பலவாறு எழுதப்படுகின்றது, குழந்தைகளுக்கும் இடப்படுகின்றது. அவர் தம் உடைமைகளை விற்று அணையை முடித்தார் என்பது பெருவழக்கான செய்தி. அணையோ சென்னை அரசின் பொதுப்பணித்துறை 1887 முதல் 1895 வரை அரசுப் பணத்திற் கட்டியதாகும். மெக்கன்சியைத் தமிழ்ப்படுத்துவோர் அச்செய்தியை அவர் நூலில் ஏற்றுதல் கூடாது. அதே வேளையில், வறண்ட நிலத்திற்கு நீர் வந்த நன்றியை ஒரு சமூகம் எவ்வாறு கதையாக்கியது என்பதற்கு அது தனிச்சான்று. ஆவணமும் வழக்காறும் தத்தம் இடத்தில் நிற்பின் இரண்டும் மதிப்புடையன.

8. மொழிபெயர்ப்பார்க்குரிய நெறிகள்

மேற்கண்ட ஆய்வினின்று பின்வருவன பெறப்படும்.

(அ) ஊர், குலம், ஆள் ஆகியவற்றின் பெயர்களை எழுத்துப்பெயர்ப்புச் செய்யாது, உள்ளூர் வடிவத்திற்கு மீட்டு, நூலின் எழுத்துக்கூட்டலைக் குறிப்பிற் காட்டுதல் வேண்டும்.

(ஆ) நிலவுரிமைச் சொற்களை மூலச்சொல்லாகவே நிறுத்தி, மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என நாட்டுக்கேற்பப் பொருள் வரைதல் வேண்டும்.

(இ) தமிழினின்று ஆங்கிலத்திற்குச் சென்று மீளும் சொற்களின் இருபொருளையும் வேறுபடுத்தல் வேண்டும்.

(ஈ) வில்சனின் நீதி, வருவாய்த்துறைச் சொல்லடைவு (1855), வின்சுலோவின் தமிழகராதி (1862), குண்டர்ட்டின் மலையாள அகராதி (1872), சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஆகியவற்றை ஒருங்குவைத்து ஒப்புநோக்கல் வேண்டும். ஒரு மொழியின் அகராதி மட்டும் இவ்வெல்லைப்புறச் சொற்களுக்குப் போதாது.

(உ) ஆசிரியரின் முற்கோளைத் தாங்கிய சொற்களை மென்மையாக்காமலும், பெயர்ப்பாளரின் ஒப்புதல் போலத் தோன்றாமலும் தருதல் வேண்டும்.

9. முடிவுரை

ஆங்கிலேயர்கால வரலாற்று நூல்கள் இவ்வெல்லைப்புறத்தின் தவிர்க்கவியலாச் சான்றுகள். அவற்றைப் பொய்யென ஒதுக்குவார், லோகனைப் போன்று தம் அரசின் பொருள்கோளையே மறுத்தாரின் குரலையும் இழப்பர். அவற்றை அவ்வாறே ஏற்பார், ஜன்மமும் கூலியும் தரிசும் பெற்ற புதுப்பொருளைப் பழம்பொருளென மயங்குவர்.

2015 செப்டம்பரில் ஊதிய உயர்வும் ஊக்கத்தொகையும் கோரி மூணாற்றுத் தெருவில் அமர்ந்த தோட்டப் பெண்கள் தம் கூட்டத்திற்குப் 'பெம்பிளை ஒருமை' எனப் பெயரிட்டனர். தமிழ் எனவும் மலையாளம் எனவும் பிரித்துரைக்க இயலாத அப்பெயர், நூறாண்டாகப் பிறரால் 'கூலி' எனப் பெயரிடப்பட்டோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்டதாகும். இவர்தம் பேச்சுமொழியைத் தொகுத்து, பழைய நூல்களின் சொற்களோடு பக்கம் பக்கமாக வைத்து ஆராயும் பணி இருமொழி அறிஞரையும் எதிர்நோக்கி நிற்கின்றது.